ஏலத்தோட்டத்தில் கதை படித்த அக்கா

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறை விட்டிருந்ததால் கம்பத்துக்கு வந்திருந்தேன். வீட்டில் அப்பாவும் அவருடைய தங்கையான என் அத்தையும் மட்டும்தான். அத்தை தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவில் இருக்கும் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவார். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, அறைத்தோழிக்குத் துணையாக மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். அவள் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன். பிறகு உதவித்தொகை, ஜெர்மனி, முனைவர் பட்டம் என்று போனது. நான் ஆராய்ந்தது இலக்கியத்தைக் கூட இல்லை, அதை யார் எப்படிப் படித்தார்கள் என்பதை. இருநூறு வருடங்களுக்கு முன்பு அந்த நாட்டுக் கிராமங்களில் பெண்கள் கூடி நூல் நூற்கும்போது ஒருவர் சத்தமாகப் படிப்பாராம், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்களாம். அதற்கான தடயங்களைத் தேடிப் பழைய கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் ஆறு வருடம் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். "புத்தகம் படிக்கிறவுகளப் பத்திப் புத்தகம் படிக்கிறா. அதுக்குச் சம்பளமும் குடுக்குறாக" என்று அத்தை தெருவில் சொல்லிவைத்திருந்தார். அதைவிடச் சரியாக நானே சொன்னதில்லை.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு நாள் நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். தோட்டத்தில் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் மழைக்குப் பிளாஸ்டிக் சாக்கு என்று எட்டுப் பெண்கள் இறங்கினார்கள். ஏலக்காய் செடியின் அடித்தூரில் காய்ப்பதால் குத்துக்காலிட்டுத்தான் எடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் எனக்கு முட்டி கழன்றுவிட்டது, காலில் இரண்டு அட்டை வேறு. இதில் ஒருவர் மட்டும் காய் எடுக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெரு அக்கா அவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கல்லில் உட்கார்ந்து சட்டைக்குள்ளிருந்து ஒரு மாத நாவலை எடுத்தார். முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

குரல் உயரவே இல்லை, ஆனால் எட்டாவது செடி வரை கேட்டது. மாமியார் பேசும் இடத்தில் மாமியாரானார், வக்கீல் பேசும் இடத்தில் வக்கீலானார். கங்காணி வருகிறாரா என்று ஓரத்தில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருமினால் புத்தகம் சட்டைக்குள் போய்விடும், அக்காவின் கை தூருக்குள் போய்விடும். சாயங்காலம் எடை போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் பையிலிருந்து காயை அள்ளி அக்காவின் பையில் போட்டார். எடையில் எல்லோருடைய பையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. வருடக்கணக்கில் இப்படித்தான் நடக்கிறதாம்.

ஆறு வருடம் காகிதத்தில் தேடியது என் அத்தையின் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. இதைப் பற்றி எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதிக்க. ஆனா இங்கன யாருக்கும் தெரிஞ்சிறக் கூடாது, என் பொழப்பு இதுலதான் இருக்கு" என்றார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவருடைய ஒற்றைச் சம்பளத்தில் ஓடுகிற வீடு. சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை. நான் எழுதப்போவது ஜெர்மனில். கம்பத்தில் அதை யார் படிக்கப்போகிறார்கள்? ஊர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆள் பெயர் எதையும் போடவில்லை. கருத்தரங்கில் கட்டுரையை வாசித்தபோது எழுந்து நின்று கை தட்டினார்கள். நிரந்தர வேலைக்கு இதுவே போதும் என்று என் பேராசிரியர் சொன்னார். பல்கலைக்கழக இணையதளத்தில் சிறு செய்தியாகப் போட ஒரு படம் கேட்டார்கள். அன்று தோட்டத்தில் என் போனில் எடுத்தவற்றில் முகம் எதுவும் தெரியாத படமாகத் தேடிக் கொடுத்தேன். புத்தகம் பிடித்த கை, பக்கத்தில் காய் நிரம்பிய சாக்கு, அவ்வளவுதான். சாக்கில் எஸ்டேட்டின் முத்திரை அச்சாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு எழுத்தைக்கூட விடாமல் படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், அந்த எழுத்துகளைப் படிக்கவில்லை.

அதைப் படித்தவர் ஜெர்மனியில் ஏலக்காய் இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரி. அந்த எஸ்டேட்டின் காயை வாங்குகிறவர் என்பதால் முத்திரை அவருக்கு மனப்பாடம். வேலை செய்பவர்களுக்குக் கதை படித்துக்காட்ட ஆள் வைத்திருக்கிறீர்களே, எவ்வளவு பெரிய மனது என்று முதலாளிக்குப் பாராட்டி எழுதி, செய்தியையும் கூடவே அனுப்பியிருக்கிறார். முதலாளி அதைப் போனிலேயே ஆங்கிலத்தில் மாற்றிப் படித்துவிட்டுக் கங்காணியைக் கூப்பிட்டிருக்கிறார். படத்தில் இருந்த சட்டைக்கை யாருடையது என்று கங்காணிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

டிசம்பரில் அத்தை போன் செய்தார். "அவள வேலய விட்டு நிப்பாட்டிட்டாக" என்றார். உடனே போனை வைத்துவிட்டார். என்னைப் பேர் சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றே படத்தையும் செய்தியையும் எடுக்கச் சொன்னேன். அத்தோடு நின்றிருக்கலாம். மெத்தப் படித்த புத்தி விடவில்லை. முதலாளிக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கதை கேட்பதால் வேலை குறையவில்லை, எட்டுப் பேர் காயைப் பகிர்ந்துகொள்வதால் மொத்த எடை மாறுவதில்லை என்று ஆதாரத்தோடு விளக்கினேன். பதில் மிக மரியாதையாக வந்தது. எடை போடும் முன் பைக்குப் பை காய் மாறுவது தனக்குத் தெரியாது, தெரிவித்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார். காப்பாற்றப் போய் மீதி ஏழு பேரையும் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அன்று வெட்கத்தில் அழுதேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று வாரமாக அவருக்கு வேலை இல்லை. பண்டிகை என்பதால் மற்றவர்களும் அங்கேதான் இருந்தார்கள், என் அத்தையும்கூட. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தி, எழுதியதைக் கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டார். பையில் இருந்தது. படிக்கச் சொன்னார்.

ஜெர்மனைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. பெரிய அரங்கில் கைதட்டல் வாங்கிய வாக்கியங்கள் அந்த அறையில் ஒன்றுகூட எழுந்து நிற்கவில்லை. அக்கா அதில் 'வாசிப்பவர்' என்றும், என் அத்தை 'கேட்பவர் மூன்று' என்றும் இருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். நான்காம் பக்கத்தில் அத்தை எழுந்து பால் காய்ச்சப் போய்விட்டார். அக்கா மட்டும் கடைசி வரை கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நீ எழுதுனது பூராம் நெசந்தான்" என்றார். "நாங்க எப்படி ஒளிச்சோம்னு எல்லாத்தையும் எழுதிட்ட. எதுக்கு ஒளிச்சோம்னு ஒரு வரி இல்லையேத்தா."

அந்தக் கட்டுரை ஒரு தொகுப்பு நூலில் வருவதாக இருந்தது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நான் என்னவோ பெரிய தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எனக்காகக் காத்திருக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவள் இல்லாத தோட்டத்துக்கு நாங்களும் வரவில்லை என்று மற்ற ஏழு பேரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம். காய் எடுக்க ஆள் கிடைக்காமல் தவிக்கிற காலம். ஜீப் டிரைவர் மூலமாக வேறொரு எஸ்டேட்டில் பேசி, எட்டுப் பேருக்கும் சேர்த்து வேலை முடிவாகிவிட்டது. பொங்கல் கழிந்து போகவேண்டியதுதான்.

எனக்கு உயிர் வந்தது. எந்த எஸ்டேட் என்று ஆசையாகக் கேட்டேன்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அத்தைதான் பால் டம்ளரை என் கையில் கொடுத்தபடி சொன்னார்.

"அது மட்டும் உனக்கு வேணாத்தா."

என்னை வளர்த்த அத்தை. முதல் வகுப்பில் எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவர். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை, அதனால்தான் அதிகமாகச் சுட்டது. பாலைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை, வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது இருநூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன வாசகர்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். என்னால் அவர்களுக்கு வேலை போகாது.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஊருக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டு கடையில் புதிதாக வந்த மாத நாவல்களை வாங்கி, அத்தையின் தூக்குவாளிப் பைக்குள் வைத்துவிடுவேன். அத்தை பார்ப்பார், எடுத்துக்கொண்டு போவார். இது ஒன்றுதான் அந்த எட்டுப் பேரின் வாசிப்பில் எனக்கு மிச்சமிருக்கிற பங்கு. தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்கும்போது நான் எழுந்து வெளியே போவதில்லை. மெட்டைத் தாண்டி அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்காமல் இருப்பதற்கு, நான் படித்த எல்லாப் படிப்பையும்விட அதிகப் பயிற்சி வேண்டியிருக்கிறது.