தபால் அக்காவின் மேல்முறையீடு

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் வீட்டுக்கு வரும் எந்தக் கவரையும் தபால் அக்கா நேராகப் பிரிப்பதில்லை. முன்னும் பின்னும் திருப்பி, எந்தத் தேதியில் தபாலில் சேர்ந்தது என்று கண்ணைச் சுருக்கிப் படித்த பிறகுதான் கிழிப்பாள்.

"கரண்டு பில்லுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்பார், பஸ் ஓட்டி ஓய்ந்த அவள் கணவர்.

யாராவது பழைய வேலையைப் பற்றிக் கேட்டால், கடைசியில் உட்கார்ந்த மூன்றாம் மாடி நாற்காலியைப் பற்றி அவள் மூச்சு விடமாட்டாள். படிக்கட்டுக்கு அடியில் இருந்த தபால் பிரிவைப் பற்றித்தான் பேச்சு. அப்படியென்ன அரண்மனை அது? இரண்டு மேசை, ஒரு ஜன்னல், காய்ந்து போன பசைப் புட்டி, தலைக்கு மேல் நாள் முழுக்க தடதடவென்று செருப்புச் சத்தம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வெளியிலிருந்து வரும் எந்தக் காகிதமும் அங்கே தேதி முத்திரை வாங்காமல் மேலே போக முடியாது. முத்திரையைத் தொட உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தன் எதிர் மேசைக்காரன். தலைமுடியால் அவனுக்குச் சுருட்டை என்று பெயர். பாதி முடி கொட்டிய பிறகும் பெயர் மட்டும் கொட்டவில்லை.

பதினெட்டு வருஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டீயை இரண்டு தம்ளரில் ஊற்றிக் குடிப்பார்கள். அவன் பங்கில் ஒரு மிடறு கூட இருக்கிறது என்று அவள் தினமும் சண்டை பிடிப்பாள். மாதா மாதம் ஒரு பெரியவர் தன் வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதுவார். அது இந்த அலுவலகத்தின் வேலையே இல்லை. ஆனாலும் ஐந்தாம் தேதி தாண்டியும் கடிதம் வரவில்லையென்றால், "அக்கா, தாத்தாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்று சுருட்டை கவலைப்படுவான். அவளுக்கும் வேலை ஓடாது. வந்து சேர்ந்ததும் இருவருக்கும் அப்படி ஒரு நிம்மதி.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் காலோடுதான் தினமும் தபால் கட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். கொண்டுபோக வேண்டிய பியூன் கண்ணில் படுவது அபூர்வம். மெதுவாக ஏறுவாள், ஆனால் ஏறிவிடுவாள். இருபத்தாறு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே போன மேலதிகாரிகளுக்கு, மூன்றாம் மாடிக் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றபோதுதான் திடீரென்று கண் திறந்தது.

பணிமூப்புப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது, அடுத்தது சுருட்டையுடையது. பதவி அவனுக்குப் போயிற்று. 'படி ஏறி இறங்கும் சிரமத்தைக் கருத்தில் கொண்டு, அன்னாரது நலன் கருதி' என்று ஆணையில் அவளுக்காக ஒரு வரி. நலனாம். கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது இல்லாத சிரமம் நாற்காலியில் உட்காரப் போகும்போது வந்துவிட்டதாம். வெறும் ஓரவஞ்சனை என்றால்கூடத் தாங்கியிருப்பாள், இந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புகார் கொடுக்க முப்பது நாள். அவள் எழுதி எழுதிக் கிழித்தாள். வீட்டில் அடுக்கிய கிழிசலைப் பார்த்து, "இதுல ஒண்ணைக் குடுத்திருந்தாலே போதுமே" என்றார் கணவர். இருபத்தெட்டாம் நாள் ஒருவழியாகக் கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். இயக்குநருக்குப் போகும் எதுவும் போலத் தபால் பிரிவு வழியாகத்தான் அதுவும் போக வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம்: தன் காகிதத்துக்குத் தானே முத்திரை போடக்கூடாது. அவள் விடுப்பு விண்ணப்பத்துக்கு அவன் போடுவான், அவனுடையதற்கு அவள்.

சுருட்டை இன்னும் மேலே போய்ப் பொறுப்பேற்கவில்லை. ஆனால் மகளைக் கல்லூரியில் சேர்க்க அன்று காலைதான் வெளியூர் போயிருந்தான். இரண்டு நாள் லீவு. முப்பதாம் நாள் வந்துவிடுவான் என்று கவரை அவன் மேசைத் தட்டில் போட்டாள்.

முப்பதாம் நாள் அவன் வரவில்லை. மாலை ஐந்து மணி ஆயிற்று. முத்திரை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அறையில் ஈ காக்கை இல்லை. ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. அவள் முத்திரையை எடுத்து வழக்கம்போல அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். இதை என்னவென்று சொல்ல? பைத்தியக்காரத்தனம் என்றுதான் கணவரும் சொன்னார்.

முப்பத்திரண்டாம் நாள் வந்த சுருட்டை கவரைப் பார்த்தான், விலாசத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புகார் தனக்குக் கிடைத்த பதவியைப் பற்றியது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"முத்திரையில தேதிச் சக்கரத்தை ரெண்டு நாள் பின்னால திருப்பினா ஆச்சுக்கா. நான் போட்டுத் தரேன்."

"இன்னைய தேதியப் போடு."

"அக்கா, தள்ளிடுவாங்க."

"போடுன்னு சொல்றேன்ல."

போட்டான். இரண்டு நாள் தாமதம் என்று புகாரை ஒரே பத்தியில் தள்ளிவிட்டார்கள். சுருட்டை மேலே போனான். அவள் மேல்முறையீடு செய்தாள். இந்தத் தடவை கணவர் யாரையும் நம்பாமல், மேல்முறையீட்டு வாரியம் கதவு திறக்கும் முன்பே போய் நின்று மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்து ஊசியும் குத்திக்கொண்டு வந்தார்.

மனுவில் சுருட்டை மூன்றாம் எதிர்மனுதாரர். வழக்கு முடியும்வரை பேச்சு வைத்துக்கொள்ளக்கூடாது என்று இருவருக்கும் ஆளாளுக்குச் சொன்னார்கள். அது ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டது. எதிர் மேசைக்கு வந்த புதுப்பெண் தங்கமானவள், ஆனால் டீ குடிக்காதவள். ஒரு ஐந்தாம் தேதி தெருவிளக்குக் கடிதம் வந்தபோது, 'வந்துட்டார்டா' என்று சொல்ல வாயெடுத்து அக்கா நிமிர்ந்தாள். புதுப்பெண் என்ன என்பதுபோல் பார்த்தது. ஒன்றுமில்லை என்று முத்திரையைக் குத்தினாள். சுருட்டையின் தம்ளரிலும் அன்றைக்குப் பழக்கத்தில் டீ ஊற்றிவிட்டாள். அவன்மேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. அதைவிட அவன் இல்லாததுதான் பெரிதாக இருந்தது.

விசாரணை நாள் வந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

துறையின் சார்பில் வந்த அதிகாரி சொன்னார்: "கவர் எப்ப வந்துச்சுன்னு முத்திரையே சொல்லுதுங்க. முத்திரையும் இவங்க கையிலதான் இருந்துச்சு. போடாதது இவங்க அலட்சியம்."

"ஏம்மா போடல?" என்றார் தலைவர்.

"என் காகிதத்துக்கு நானே போட்டா அது தேதி இல்லீங்க. நான் சொல்றது, அவ்வளவுதான். நான் சொல்றத ஏன் நம்பணும்?"

"இப்பவும் நீங்க சொல்றதுதானே இருக்கு? இருபத்தெட்டாம் நாளே குடுத்தீங்கன்னு வேற யாருக்குத் தெரியும்?"

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் சட்டைப்பை ஊசியைத் தடவிக்கொண்டார். இத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்தபோது, பின் வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"எனக்குத் தெரியுங்க" என்றான் சுருட்டை. "நான் லீவுல இருந்தப்ப வந்த தபாலெல்லாம் என் கையெழுத்துக்காக என் தட்டுல அன்னன்னைக்கு ஒண்ணுமேல ஒண்ணா விழுந்து கிடந்துச்சு. லீவு போட்ட முதல் நாள், அதான் அந்த இருபத்தெட்டாம் நாள், முத்திரை விழுந்த தபாலுக்கும் அடியில இருந்துச்சு இவங்க கவர்." கொஞ்சம் நிறுத்தினான். "முன்தேதி போட்டுத் தரேன்னு நான்தான் சொன்னேன். இவங்க வேண்டாம்னுட்டாங்க."

துறை அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதனால உங்க பதவி போகலாம். முன்தேதி போடறேன்னு சொன்னதுக்கு உங்க மேலயே நடவடிக்கை வரலாம். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியுங்க. ஒரு வருஷமா தூக்கம் வரல, அதான்."

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. புகாரை மறுபடி விசாரித்தார்கள். மூன்று மாடி ஏறத் தெரிந்தவளுக்கு மூன்றாம் மாடியில் உட்காரவும் தெரியும் என்று அரசாங்கத்துக்குப் புரிய இன்னும் ஐந்து மாதம் பிடித்தது. பதவி அவளுக்கு வந்தது. சுருட்டையைப் பழைய வேலைக்கு இறக்கி, தொலைதூரக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

அவன் கிளம்பிய நாளில் அவள் மூன்று மாடி இறங்கி வந்தாள். தபால் பிரிவில் புதுப்பெண்ணிடம் விடைபெற்றுக்கொண்டு நின்றிருந்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எதிரெதிரே நின்றார்கள். என்னென்னவோ பேச நினைத்து வந்தவளுக்கு ஒன்றுதான் வாயில் வந்தது.

"உன் இடத்தப் பறிச்சுட்டேன்டா."

"அதுல உக்காந்த நாளெல்லாம் அது உங்க இடம்னுதான்கா தெரிஞ்சுது" என்றான். "நாற்காலி சூடு ஆறாம பாத்துக்கிட்டேன்னு வச்சுக்கோங்க."

அவள் சிரிக்கப் போனாள், முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கப் போனான்.