மீசை எடுத்த மாப்பிள்ளை

நாடகத்தில் பெண் வேஷம் கட்டுவது சுலபம். அதைக் கலைத்துவிட்டு ஆண்பிள்ளையாக வெளியே வருவதுதான் கஷ்டம். பகலில் நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சாயங்காலமானால் எங்கள் சபாவில் ஸ்திரீ பார்ட். ராணியோ, மாமியாரிடம் அகப்பட்ட மருமகளோ, எதுவானாலும் என் தலையில்தான் கட்டுவார்கள். கைதட்டலுக்குக் குறைவில்லை. குறை வேறு. "பொம்பளை வேஷம் போடுறவனுக்கா எங்க பொண்ணு?" என்று இரண்டு இடத்தில் கைகழுவிவிட்டார்கள். எனக்கோ வயது இருபத்தெட்டு. கல்யாண ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது. என்னைப்போல் அவஸ்தைப்படும் ஸ்திரீ பார்ட் சகோதரர்களே, கேளுங்கள்.

துக்கம் விசாரித்தார்கள்

முதல் நாடகத்துக்காக மீசையை மழித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். நம் ஜனங்களில் ஒருவன் மீசையை எடுத்தால் அப்பா தவறிவிட்டார் என்று அர்த்தம். அந்த யோசனையே எனக்கு வரவில்லை. பெரிய கிராணி என் தோளைத் தொட்டு, "மனசைத் தேத்திக்கப்பா" என்றார். என்னை வேறு செக்‌ஷனுக்கு மாற்றியதைச் சொல்கிறார் என்று நினைத்து, "எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதானே சார்" என்றேன். என் தைரியத்தைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து மேஜை முனியாண்டி அதோடு விடவில்லை. மத்தியானமே லீவு போட்டு, ஒரு மாலையை வாங்கிக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறிவிட்டான். அங்கே என் அப்பா தம்முடைய பலசரக்குக் கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதே மாலையோடு என் வாசலில் வந்து நின்றார். "நான் இன்னும் இருக்கேன்டா. நான் போற அன்னைக்கு எடுக்கிறதுக்கு அந்த மீசையைக் கொஞ்சம் மிச்சம் வை."

இரவல் அட்டியல்

சபாவுக்கு ஏது நகை? எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்களிடம்தான் இரவல் வாங்குவோம். சேலை ஒரு வீடு, வளையல் ஒரு வீடு. ஒருமுறை எதிர்வீட்டு அமிர்தம் அக்கா தன் கல்யாண அட்டியலையே கழற்றிக் கொடுத்தார். அன்று நான் ராணி. ராஜா என்னைக் காட்டுக்கு விரட்டுகிறார். நான் தரையில் விழுந்து புரண்டு அழுகிறேன். பெண்கள் பக்கம் முந்தானை எல்லாம் கண்ணுக்குப் போய்விட்டது. அந்த நிசப்தத்தில் அமிர்தம் அக்கா மட்டும் எழுந்து நின்று கத்தினார்: "தம்பி, மல்லாந்து படுத்து அழு, அட்டியல்ல கல்லு உதிர்ந்திரும்!"

ராஜாவின் வீட்டில் ஒத்திகை

என்னைக் காட்டுக்கு விரட்டிய ராஜா யார் என்றால், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் சின்னையா அண்ணன். அவர் "அடியே!" என்று உறுமினால் நான் நிஜமாகவே இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் ஒத்திகை. அவர் உறுமினார், நான் நடுங்கினேன். அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஈரக்கையோடு வந்து நின்று பார்த்தார். அண்ணனுடைய அட்டைக் கத்தி மெல்லக் கீழே இறங்கியது. "குரல் நல்லாத்தான் இருக்கு. அதே குரல்ல, தண்ணி புடிச்சு வச்சிட்டேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

பெண் பார்க்கப் போனோம்

அப்பா கிள்ளானிலேயே மூன்றாவதாக ஒரு பெண்ணைப் பார்த்தார். "நாடகம் கீடகம்னு அங்க வாயைத் திறந்தா, இந்தத் தடவை உனக்கு மாலையை நானே வாங்கிடுவேன்" என்று எச்சரித்தார். இரண்டு மாதம் வேஷம் வேண்டாமென்று சபாவில் கெஞ்சி மீசை வளர்த்தேன். பெண் வீட்டில் நெஞ்சை நிமிர்த்தி, காலை அகட்டி உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் சின்னையா அண்ணன் குரலில் பதில் சொன்னேன். பெண்ணின் அப்பாவுக்குப் பரம திருப்தி.

காப்பி குடித்து முடித்தோம். அங்கேதான் வந்தது வினை. மருமகள் வேஷத்தில், காப்பி முடிகிற இதே கட்டத்தில், காலித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கி உள்ளே கொண்டுபோவேன். மேடையில் பலமுறை செய்து பழகிய கை, தானாக நீண்டுவிட்டது. ஐந்து தம்ளரையும் அடுக்கி எடுத்துக்கொண்டு, குனிந்த தலையோடு அடுப்படிப் பக்கம் நாலடி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது இடமும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சபாவில் அழுகிற அழுகை இல்லை, நிஜமான அழுகை.

கதவோரம் நின்ற பெண் தட்டை வாங்கிக்கொண்டாள். அவள் தலை குனியவில்லை. என்னை மேலும் கீழும் ஒருதரம் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிச் சொன்னாள்: "அம்மா, வேற இடம் பார்க்க வேணாம். இவரையே முடிச்சிருங்க."

இப்போது எனக்கு மீசையும் இருக்கிறது, மனைவியும் இருக்கிறாள். அந்தக் காப்பித் தம்ளர் பார்ட் மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.