செப்புத் தகடும் பத்து மூலகங்களும்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது மணிக்கூடு. திருகோணமலை இறங்குதுறையின் சோதனைச் சாவடியில், தகர மேசையின் நடுவில், இரட்டை மணி வைத்த அலாரம் மணிக்கூடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதுகிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் புறப்பட்டு ஒரு பிஸ்கட் பேணிக்குள் போயின. மேசையைச் சுற்றி நின்ற ஆமிக்காரர்கள் பின்வாங்கியிருந்தார்கள். மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காக வரிசையில் நின்ற சனமும் பின்வாங்கியிருந்தது. மேசைக்கு அருகில் நின்ற ஒரே ஆள் என் அக்கா.

அக்கா குடாவுக்கு அக்கரையில் உள்ள மூதூரில் பௌதிகவியல் படிப்பித்தாள். திங்கட்கிழமை காலை போய், சக ஆசிரியை ஒருவரின் வீட்டில் தங்கி, வெள்ளி மாலை பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்புவாள். போர் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் நான் ஒரு பத்திரிகையின் பிரதேச நிருபர். குடாவின் தென்கரையில் என்ன நடக்கிறது என்று அறிய நானும் பெரும்பாலும் அதே லோஞ்சில் போவேன். அவளைத் தனியே அனுப்ப அம்மாவுக்குப் பயம் என்பதும் ஒரு காரணம்.

மேசையில் இருந்தது அக்காவின் பாடசாலை நாடகத்துக்கான பொறி. பழைய விஞ்ஞானக் கதைகள் என்றால் அக்காவுக்குப் பித்து. அதிலும் பாதித் தூரம் இயந்திரத்தால் போய் மீதித் தூரம் மந்திரத்தால் போகிற கதைகள்தான் அவளுக்குப் பிடிக்கும். படிப்பிப்பது பௌதிகம், படிப்பது பில்லி சூனியமா என்று நான் சீண்டுவேன். "கதைக்குள்ள ரெண்டும் ஒரு வீட்டில இருக்கலாம். வெளியில ஏலாது" என்பாள். பரிசளிப்பு விழாவுக்கு அவள் எழுதிய நாடகமும் அந்த வகைதான். மணிக்கூடு திருத்தும் ஒருவன், கடலில் காணாமற்போனவர்களைத் திருப்பி அழைக்க ஒரு பொறி செய்கிறான். பற்றரியும் பற்சக்கரமும் போதவில்லை. செப்புத் தகடு ஒன்றைச் செருகி மந்திரம் ஓதியதும் பொறி வேலை செய்கிறது. ஒருவன் கரையேறி வருகிறான். ஆனால் ஒருவனைத் தந்தால் பொறி இன்னொருவனை எடுத்துக்கொள்ளும். அவளுடைய வகுப்பில் தகப்பன் இல்லாத பிள்ளைகள் பலர். இந்தக் கதை அவர்களுக்கு வேண்டாமே என்றேன். "அதுகளுக்குத் தெரியாத கதையாடா இது?" என்றாள்.

மணிக்கூட்டைப் பற்றிய பயம் சீக்கிரம் தீர்ந்தது. அக்கா பேணியைத் திறந்து டோர்ச் பற்றரிகளைக் காட்டினாள், சுவிச்சை அழுத்தினாள், பச்சை பல்ப் எரிந்தது. யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் நெட்டையான ஒரு சிப்பாய் பேணிக்குள் கைவிட்டுத் தகட்டை எடுத்தான். எடுத்த வேகத்திலேயே சுட்டதுபோல மேசையில் போட்டான். அவனுடைய மணிக்கட்டில், பிக்குமார் காவலுக்கு ஓதிக் கட்டும் வெள்ளைப் பிரித் நூல் இருந்தது. தகட்டில் அக்கா ஆணியால் கீறியிருந்தது ஒரு மின்சுற்று. மேடையில் மந்திரத் தகடுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைச் சுற்றி மூலைக்கொரு சூலம் போட்டிருந்தாள்.

"ஹூனியம்" என்றான் அவன். சூனியத்துக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். தோளில் கிடந்த துவக்கு அவன் கைக்கு வந்திருந்தது. "யாருக்குச் செஞ்ச? எங்க ஆமிக் காம்புக்கா?"

"ஐயோ, இது நாடகச் சாமான். இதில ஒண்டுமில்லை. வெறும் செம்பு."

"பொய். வெட்டு. மந்திரம் சொல்லி ஹூனியத்த வெட்டு."

வெடிகுண்டு இல்லை என்று ஒரு பல்பைக் காட்டி நிரூபித்துவிடலாம். சூனியம் இல்லை என்று நிரூபிக்க எந்த ஆய்வுகூடத்திலும் உபகரணம் கிடையாது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் அடையாள அட்டையைப் பிடித்தபடி நின்றேன். அவள் தகட்டை உள்ளங்கையில் வைத்தாள், கண்ணை மூடினாள், தாழ்ந்த குரலில் இழுத்து ஓதத் தொடங்கினாள். "ஐதரசன்... ஈலியம்... இலிதியம்... பெரிலியம்... போரன்... காபன்... நைதரசன்... ஒட்சிசன்... புளோரின்... நேயன்." முடித்து, தகட்டின் மேல் மூன்று தரம் ஊதினாள். ஆவர்த்தன அட்டவணையின் முதற் பத்து மூலகங்கள். வரிசையில் நின்ற பாடசாலைப் பிள்ளை ஒன்று சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டது.

சிப்பாய் மூச்சு விட்டான். துவக்கு தோளுக்குத் திரும்பியது. தகட்டைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் பூட்டினான். "இப்ப நல்லது. இது எனக்கு" என்றான்.

அடுத்த திங்கள் எங்களைக் கண்டதும் பொத்தானைத் திறந்தான். "ரீச்சர், சொல்லு." அவள் சொன்னாள். அதற்கடுத்த திங்களும். அவளுடைய பையை அவன் கிளறுவதை விட்டுவிட்டான், சிரிக்கவும் தொடங்கினான். அந்தச் சிரிப்பைத் துறை முழுவதும் பார்த்தது. அவனுக்கு ஏதும் நடந்தால் ஓதியவளைத்தான் ஆமி தேடி வரும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மற்றப் பக்கத்தை யோசிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வரும் லோஞ்சில், முன்பின் காணாத இளைஞன் ஒருவன் என் பக்கத்தில் வந்து அமர்ந்தான். கடலைப் பார்த்தபடியே கேட்டான்: "அண்ணை, உங்கட அக்கா ஆமிக்காரனுக்கு என்ன ஓதிக் குடுக்கிறா?"

"அவன் கட்டாயப்படுத்துறான், தம்பி."

"ஓம், விளங்குது. பெடியளுக்கும் விளங்கினால் நல்லது."

பெடியள் என்றால் இயக்கத்தில் ஆயுதம் தூக்கியவர்கள். துறை வந்ததும் அவன் எல்லோரையும்போல இறங்கிப் போனான்.

அன்று குசினியில் வைத்து அக்காவிடம் சொன்னேன். அவள் கேத்திலை அடுப்பில் வைத்தாள். நிறுத்தினால் துறையில் ஆபத்து, தொடர்ந்தால் ஊரில் ஆபத்து. இடமாற்றம் கேட்கலாம் என்றேன். "கேட்டு வாறதுக்குள்ள ரெண்டில ஒரு பக்கம் முந்திவிடும்" என்றாள். பிறகு, "அவனுக்குப் பாடமாக்கிக் குடுத்திட்டால் நான் தேவையில்லைத்தானே" என்றாள்.

அப்படியே செய்தாள். பையைத் திறந்து காட்டும் நேரத்துக்குள், அவன் முகத்தைப் பாராமல், உதடு அசையாமல், ஒவ்வொரு திங்களும் இரண்டு மூன்று பெயர்கள். அவன் பையைக் கிளறுவதுபோல நடித்தபடி திருப்பிச் சொன்னான். "என்ர பிள்ளையள் இதுக்குப் பள்ளிக்கூடத் தவணை ஒண்டு முழுக்க எடுக்குதுகள். இவன் கெட்டிக்காரன்" என்று லோஞ்சில் என் காதுக்குள் சொன்னாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. கடைசிப் பெயரும் பாடமான அன்று, இனி நீங்களே ஓதினால்தான் பலிக்கும் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பலகைப் பாதையில் நடந்தாள்.

பிறகு சில வாரங்கள் அவன் எங்களை மற்றவர்களைப்போலவே சோதித்து அனுப்பினான். லோஞ்சில் அந்த இளைஞனை நாங்கள் மறுபடி காணவில்லை. நான் இதைச் செய்தியாக எழுதவில்லை. எழுதக்கூடிய செய்தியும் அல்ல.

ஒரு திங்கள், சாவடியில் நெட்டையன் இல்லை. அவனுடைய இடத்தில் மீசை சரியாக அரும்பாத வேறொரு சிப்பாய் நின்றான். அக்காவின் பையைத் திறந்தான், புத்தகங்களைப் புரட்டினான், மூடினான். போகலாம் என்று நினைத்தபோது தன் சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றினான். அதே தகடு. அதன் ஒரு மூலையில் இருந்த சூலம் மடங்கியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஐதரசன், ஈலியம், இலிதியம்" என்றான். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. அக்காவைப் பார்த்தபடி நின்றான்.

லோஞ்சின் இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது.

"பெரிலியம்" என்றாள் அக்கா.

இப்போது மூதூருக்குப் பாலங்கள் வழியாகப் பஸ்ஸில் போகலாம். அக்கா ஓய்வுபெற்றுப் பாலையூற்றிலேயே இருக்கிறாள். பழைய கதைகளை இன்னும் படிக்கிறாள். நாடகம் அந்த வருடம் காட்போட் அட்டைத் தகட்டோடு மேடையேறியது. இரட்டை மணி வைத்த மணிக்கூடு என் மேசையில் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. முதலில் தகட்டை எடுத்துக்கொண்டவனின் பெயரோ, அவனுக்கு என்ன நடந்தது என்பதோ எங்கள் இருவருக்கும் தெரியாது.