ஆண்டை வீட்டு விதை

பசுஞ்சாணமும் காய்ந்த நொச்சி இலையும் கலந்த வாசனை எங்கள் விதை நெல்லுக்கு. வைக்கோல் புரியால் பூசணிக்காய்போல இறுக்கிக் கட்டி, மேலே சாணம் மெழுகி, குடிசை மூலையில் அம்மா வைத்திருந்த "கோட்டை"க்குள் இருந்தது அது. குழியடிச்சான் என்று பெயர். வேதாரண்யம் பக்கம் கடல்நீர் ஏறி, மற்ற நெல் கருகிப்போகும் உவர் மண்ணிலும் விளையும். எங்கள் ஆண்டையான மிராசுதாரின் பண்ணை வயல்களெல்லாம் அரசாங்கக் குட்டை ரகத்துக்கு மாறிய பிறகும், குடிசையை ஒட்டிய பத்துக் குழி நிலத்தில் அம்மா மட்டும் வருஷந்தோறும் அதை விதைத்துக் காத்துவந்தாள்.

பழைய நெல் வகைகளைச் சேகரிக்க ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். மிராசுதாரே அவரை எங்கள் வாசலுக்கு அழைத்துவந்தார். அம்மா கோட்டையைப் பிரித்து ஒரு படி நெல்லை முறத்தில் கொட்டினாள்.

"யாரும்மா வச்சிருந்த விதை இது?"

"ஆண்டை வீட்டு விதைங்க."

அந்தக் கோட்டைக்கு நொச்சி உருவிப் போட்டவள் நான். "எங்க..." என்று வாயெடுத்ததும் அம்மா தொடையில் கிள்ளினாள். ஆண்டை எதிரில் கோழியைக்கூட எங்களுடையது என்று சொல்லும் வழக்கம் இல்லை. மிராசுதார் மறுக்கவில்லை. அதிகாரி அவர் பெயரை எழுதிக்கொண்டார். ஜீப் போனதும் சித்தி சிரித்தாள்: "நல்லவேளைக்கா, ஒம் புருசன் யாரு வீட்டு ஆளுன்னு அந்தாளு கேக்கல!" அம்மாவும் சிரித்தாள்.

அடுத்த விதைப்புக்கு முன், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு வயலில் இறங்க மறுத்தது. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. "நம்ம ஆட்சி" என்று தெருவில் சொன்னார்கள். பண்ணை வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். மூன்றாம் நாள் பட்டப்பகலில் பண்ணை அடியாட்கள் குடிசைக்குள் புகுந்து, கோட்டையை அரிவாளால் கிழித்து, நெல்லை உப்பனாற்றில் கொட்டினார்கள்.

வேறு யாரிடமும் அந்த விதை இல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அம்மா ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போனாள். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார்.

"இருக்கு. ஆனா மிராசுதார் பேர்லல்ல இருக்கு? அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, ஒரு கைப்பிடி தரச் சொல்றேன்."

"அது எங்க வெதைங்க." அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப அன்னிக்கு ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மிராசுதாரிடம் அவள் போகவில்லை. அந்த வருஷம் பத்துக் குழியும் தரிசாகக் கிடந்தது.

சென்ற மாதம், பத்திரிகை வேலையாக, ஒரு குளிர்பதன விதை அறைக்குள் நின்றேன். உவர் தாங்கும் புது ரகத்துக்குத் தாய் வழி இதுதான் என்று ஒரு பொட்டலத்தை எடுத்துப் பெருமையாகக் காட்டினார்கள். குழியடிச்சான். முகர்ந்து பார்த்தேன், எந்த வாசனையும் இல்லை. எங்கள் பத்துக் குழி இன்று இறால் குட்டைக்கு அடியில் கிடக்கிறது. அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. பொட்டலச் சீட்டில் கொடுத்தவர் என்ற இடத்தில் மிராசுதார் பெயர் மட்டும் மங்காமல் இருந்தது.

திருத்த முடியுமா என்று கேட்டேன்.

"ஆதாரம் ஏதாவது இருக்கா மேடம்?"