தோட்டத்துப் பிறப்புப் பதிவேடு எரியவில்லை

இந்தத் தோட்டத்தை விற்ற நிர்வாகம் பொய் சொல்லியிருக்கிறது.

சுங்கை சிப்புட் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் கிடக்கும் பழைய ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நிற்கிறேன். பாதிக் கூரை இல்லை. துருப்பிடித்த தொட்டிலையும் காலி மருந்துப் புட்டிகளையும் படமெடுக்கிறேன். கைவிடப்பட்ட கட்டடங்களைப் படமெடுப்பது என் வழக்கம்.

வெளியே செம்பனைப் பழம் பொறுக்கும் பெண் எட்டிப் பார்க்கிறார். "அண்ணே, இங்க பாம்புதான் இருக்கு லா. அதுக்கா படம்?"

அலமாரியைத் திறக்கிறேன். கரையான் அரித்த பிறப்புப் பதிவேடு இருக்கிறது. அவரிடம் சொன்னதும் சாக்கைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்.

"பொறப்புப் பத்திரத்துக்கு அலைஞ்சப்ப, பொஸ்தகம் நெருப்புல போச்சுன்னு தோட்ட ஆபீஸ்ல சொன்னானுங்க! அம்மா பேரு அஞ்சலை, அப்பா மாரிமுத்து. பாருங்கண்ணே."

தேடுகிறேன். கிடைக்கிறது. அஞ்சலை, மாரிமுத்து, பெண் குழந்தை.

"அப்ப நான் பொறந்திருக்கேன் லா," என்று சிரிக்கிறார். அத்தாட்சி இல்லாததால் ஐம்பது வயதைத் தாண்டியும் இவருக்குக் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான்.

நிர்வாகத்தைக் கேட்கிறேன். புத்தகம் எரிந்தது என்று இவரிடம் சொன்னது யார்? இதே பத்திரிகையில், பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள்.