விசில் மாஸ்டருக்கு எழுதிய கணக்கு நோட்டு

கணக்கு டீச்சருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீச்சர், "அப்போ பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியலை யாரு எடுக்கிறது?" என்றார். டாக்டருக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

யார் என்று மறுநாள் தலைமையாசிரியை சொன்னார். "விசில் மாஸ்டரைப் போட்டிருக்கேன். கைவசம் வேற ஆள் இல்லம்மா."

விசில் மாஸ்டர் என்பது விளையாட்டு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். கழுத்தில் விசில் தொங்காமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்தாறு வருடமாகத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் அவருடைய பீரியடைத்தான் இவர் பிடுங்கிக்கொள்வார். "போர்ஷன் முடியல மாஸ்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைதானத்துக்கு ஓடக் காத்திருந்த பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மாஸ்டர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "எடுத்துக்கோங்க டீச்சர்" என்று பந்துகளைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டுப் போவார்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் இருநூறு பக்க நோட்டும் பூதக்கண்ணாடியுமாக டீச்சர் உட்கார்ந்தார். கணக்கே தெரியாத ஒருவர் கையில் கொடுத்தாலும் வண்டி ஓட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முதல் நாள், முதல் பத்து நிமிடம் என்று ஆரம்பித்தவர் மதியம் வரை தலை நிமிரவில்லை.

பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த கணவர், "கண் ஆபரேஷனுக்குப் போறியா, நாடு விட்டே போறியா?" என்றார்.

"நான் முதல்முதல்ல இங்க வந்தப்போ எனக்கு ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைச்சுது. 'பக்கம் நூத்திப்பன்னெண்டிலிருந்து'. அவ்வளவுதான்."

டீச்சரும் அந்தப் பள்ளிக்குள் விடுப்பு ஆளாக நுழைந்தவர்தான். பிரசவத்துக்குப் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக நான்கு மாதம். நாற்பத்தெட்டு பிள்ளைகள் முன்னால் போட்ட முதல் கணக்கே தப்பாகி, கரும்பலகையை உள்ளங்கையால் அழித்து, அதே கையால் முகத்தைத் துடைத்து, நாள் முழுக்க வெள்ளை மீசையோடு திரிந்திருக்கிறார். ஒருவரும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக் கண்ணாடிதான் சொன்னது. அதை நினைத்து இப்போது தனியாகச் சிரித்தார்.

எழுத எழுத, திட்டம் எங்கேயோ போய்விட்டது. "சைனையும் கோசைனையும் இங்கே மாற்றிப் போடுவார்கள்" என்று எழுதினால், முதன்முதலில் மாற்றிப்போட்ட ரெட்டைப் பின்னல்காரி கண்முன் வந்து நின்றாள். "மூன்றாம் பெஞ்சு நெட்டையன் தூங்கினால் எழுப்ப வேண்டாம். விடியற்காலையில் பேக்கரியில் அப்பாவுக்கு உதவிவிட்டு வருகிறான்" என்று இந்த வருடத்துப் பிள்ளையைப் பற்றி எழுதும்போது, இதேபோலத் தூங்கி வழிந்த எத்தனையோ பழைய முகங்கள் வரிசைகட்டின. உயரங்களும் தூரங்களும் பாடத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. ஆரம்ப வருடங்களில், கோணமானியில் நூலும் கல்லும் கட்டி, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை அளக்க வைத்தவர் அவர். என்ன கூச்சல், என்ன சண்டை! பிறகு போர்ஷன் பெருத்தது, தேர்வு பெருத்தது. தொட்டி தன் பாட்டுக்கு நின்றது. அதையும் ஆசையாக நாலு வரி எழுதினார். உடனே, 'மாஸ்டருக்கு எதற்கு இந்த வம்பு' என்று ஒரு கோடு போட்டு அடித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரமும் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் உட்கார்ந்து, கடிகாரம் அடிக்கும்போதெல்லாம், "இப்போ ரெண்டாவது பீரியடு" என்று சொல்லிக் கணவரின் பொறுமையைச் சோதித்தார்.

திரும்பிப்போன அன்று, நெட்டையன் முழித்துக்கொண்டிருந்தான். "டீச்சர், நம்ம தொட்டி பத்தரை மீட்டர்!" என்றான். "நாப்பத்தஞ்சு டிகிரி வர்ற இடத்துல நின்னோம். அங்கிருந்து தொட்டிக்கு ஒம்பது மீட்டர். நான்தான் கண் உயரம் ஒன்றரையக் கூட்டணும்னு சொன்னேன். மத்தவங்கள்லாம் மறந்துட்டாங்க!"

டீச்சருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடவே நெஞ்சின் ஓரத்தில் சுருக்கென்றது. தான் இல்லாத குறையே தெரியாமல் வகுப்பு நடந்திருக்கிறது.

மதியம் ஸ்டாஃப் ரூமில் மாஸ்டரைப் பிடித்தார். "அடிச்சு வச்ச பகுதியத்தான் முதல்ல படிச்சீங்களாக்கும்?"

"அதுதானே டீச்சர் நல்லா இருந்துது. மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்சதா?"

மாஸ்டர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார். "காலேஜ்ல ரெண்டு வருஷம் கணக்குதான் படிச்சேன். மூணாவது வருஷம் அப்பா படுத்த படுக்கையாயிட்டார். ஓடுறதுல மெடல் வாங்கினவங்களுக்கு ஒரு வேலை இருக்குன்னாங்க, வந்துட்டேன். அதுக்கப்புறம் புத்தகத்தைத் திறக்கல. திறந்தா மனசு கேக்காது."

இருபத்தாறு வருடம் ஒரே அறையில், ஒரே பானைத் தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள். போர்ஷன் முடியவில்லை என்பதைத் தவிர அந்த மனிதரிடம் டீச்சர் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருப்பாரா?

"ஏன் மாஸ்டர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எப்பவும் அவசரத்துல இருப்பீங்க டீச்சர்."

சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே டீச்சருக்குக் கண் கரித்தது. ஆபரேஷன் செய்த கண்ணைக் கசக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நாற்காலியை மாஸ்டர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. அந்த ரெண்டு வருஷத்துல என்னல்லாம் படிச்சீங்க, சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் ஒரு பழைய விடைத்தாளைத் திருப்பி வைத்து, பேனாவைக் கேட்டு வாங்கி, ஒரு வட்டம் போட்டார்.