அண்ணன் பாட்டில் நான் வெட்டிய இடைவெளிகள்

பதற்றம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். எனக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது திருகியாக வேண்டும். பதுளையில் ஒரு புடவைக் கடையின் மாடியில் பாட்டுப் பதியும் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு இது ஆபத்தான வியாதி. அங்கே திருக நிறைய இருக்கிறது.

அண்ணனின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரம், அவரை அந்த மாடிக்கு ஏற்றி மைக் முன்னால் உட்காரவைத்தேன். நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மார்கழி பஜனைக்கு முன்பாட்டு அவருடையது. விடியுமுன் லயம் லயமாக, வரிசை வீடுகளின் வாசல் வாசலாக நடப்பார்கள். அவர் ஓர் அடி பாட, பின்னால் வரும் சனம் அதையே திருப்பிப் பாடும். ஆபரேஷனுக்குப் பிறகு அது முடியாது. குரலைப் பதிந்து வைத்தால் இந்த மார்கழிக்கும் அவர் பாட்டோடே பஜனை போகலாம் என்பது என் யோசனை. அவர் ஒத்துக்கொண்டது எனக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு பாட்டுப் பாடினார். ஒவ்வோர் அடிக்கும் பிறகு நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த அடிக்குப் போனார். குரல் மெலிந்து, ஓரங்களில் கிழிந்திருந்தது.

"மோசமாடா?" என்று கேட்டார்.

"நீங்க எங்கண்ணே மோசமா பாடியிருக்கீங்க? எங்கையில குடுத்துட்டீங்கல்ல, இனிமேத்தான் மோசமாகும்."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. என் வாய் சில நேரம் உண்மையைச் சொல்லிவிடும்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் பார்க்கப் போகவில்லை. அவசர வேலை என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன். அந்த அவசர வேலை ஒரு பிளக்இன், ஒலியை மாற்றும் மென்பொருள். பழைய காலத்து வால்வு ஈக்வலைசர் பெட்டி எப்படி ஒலிக்குமோ அப்படியே ஒலிக்கும்படி கம்ப்யூட்டருக்காகச் செய்தது. அந்தப் பெட்டியை நான் நேரில் கண்டதே இல்லை. திரையில் அதன் படம் வரும், துருப்பிடித்த ஆணிவரைக்கும் வரைந்திருப்பார்கள். அடித்தொனியைக் கூட்டினால் மெலிந்த குரலுக்குச் சதை பிடிக்கும். 'டிரைவ்' குமிழை ஏற்றினால், சூடான வால்வு திணறும்போது வரும் கனம் குரலில் ஏறும். ஏற்றினேன். அண்ணன் தேறினார். இன்னும் ஏற்றினேன். இன்னும் தேறினார். அண்ணி போனில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். என் திரையில் நோயாளி நன்றாகவே இருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். பழைய பெட்டியின் இரைச்சலையும் அந்தப் பிளக்இன் விசுவாசமாகச் சேர்த்துவிடும். பாடும்போது தெரியாது. அடிக்கும் அடிக்கும் நடுவே அவர் நிறுத்திய இடங்களில் மட்டும் 'ஸ்ஸ்' என்று கேட்டது. அதற்கடியில் அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. அந்த மூச்சை என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டூடியோக்காரன் புத்திதானே: பாட்டில்லாத இடத்தில் அழுக்கு இருந்தால் வெட்டு. எல்லா இடைவெளிகளையும் வெட்டி, தாளம் பிசகாமல் அடிகளை ஒட்டினேன். கேட்டுவிட்டு அழுதேன். அவ்வளவு சுத்தமாக நான் எதையும் மிக்ஸ் செய்ததில்லை.

மார்கழி முதல் நாள், பனிமூட்டம். கழுத்தில் துணி சுற்றிய அண்ணன் கையில், பாட்டு ஏற்றிய போன். அவருக்கு முன்னால், தோளில் புளூடூத் ஸ்பீக்கர் பெட்டியோடு நான். முதல் அடி ஒலித்தபோது லயத்து வாசலில் நின்ற பெண்கள் கைகூப்பினார்கள். சனம் திருப்பிப் பாட வாயைத் திறந்தது. அதற்குள் இரண்டாம் அடி வந்துவிட்டது. பாதிப் பேர் முதல் அடியிலும் பாதிப் பேர் இரண்டாவதிலும் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் அடியில் ஜால்ரா நின்றது. சதைபிடித்த, கனமான அந்தக் குரல் மட்டும் யாருக்கும் காத்திராமல் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"என்னமோ ரேடியோ கேக்குற மாதிரி இருக்குங்க," என்றார் ஜால்ராக்காரர், மெதுவாக.

பிறந்ததிலிருந்து அந்தப் பஜனைக்குப் பின்னால் நடந்தவன் நான். அந்த இடைவெளி யாருக்கானது என்று எனக்குத் தெரியாதா? கை தானாகப் பெட்டியைத் திருகியது. இருந்த பட்டனையெல்லாம் அழுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில், தொடர்பு அறுந்தது என்று அறிவித்தாள். அன்றைக்கு அவள் ஒருத்திதான் உண்மை பேசினாள்.

அண்ணன் என் தோளைத் தட்டினார். போனைத் திரும்ப இணைத்து, முதல் அடியை ஓடவிட்டு, நிறுத்தினார். சனத்தைப் பார்த்து மோவாயை உயர்த்தினார். அவர்கள் பாடினார்கள். கொஞ்சம் காத்திருந்து அடுத்த அடியை விட்டார். இப்படியே ஆறு பாட்டும், எல்லா லயமும்.

பஜனை முடிந்து, ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கலைந்த பிறகு நான் உளறினேன்: "இன்னைக்கே சரி பண்ணிர்றேண்ணே. எடம் விட்டு மறுபடி ஏத்தித் தாரேன்."

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: 'வேணாம்டா. பொறகு நான் சும்மா நடக்கணுமா?'

முப்பது நாளும் அவர்தான் நிறுத்தினார், அவர்தான் விட்டார். அடுத்த ஐப்பசி மழையில் போய்விட்டார்.

நாளைக்கு மறுபடி மார்கழி பிறக்கிறது. தோட்டத்தில் அதே பாட்டைக் கேட்கிறார்கள். பிளக்இன்னை எடுத்துவிட்டு, மூலப் பதிவைத் திறந்தேன். ஸ்டூடியோவில் அவர் விட்ட இடைவெளிகள் அதில் அப்படியே இருந்தன. ஆனால் அது அவர் மூச்சு வாங்கிய அளவு. லயத்தில் அவர் காத்திருந்தது வேறு அளவு, அது எந்தப் பதிவிலும் இல்லை. கையாலேதான் நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம் என்று அண்ணியிடம் போனில் கேட்டேன்.

"அதெல்லாம் கணக்கில்ல தம்பி. கீழ்ப்படியில கடைசியா வர்றவங்க பாடி முடிச்சாங்களான்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் விடுவாரு. நீங்க பாத்திருப்பீங்களே."

பார்க்கவில்லை. பெட்டியைச் சுமந்துகொண்டு அவருக்கு முன்னாலேயே நடந்தேன். கழுத்தில் துணியோடு அவரைப் பார்க்க வேண்டி வரும் என்று, முதல் நாள் அந்த ஓர் அடிக்குப் பிறகு, முப்பது நாளும் நடக்கையில் நான் திரும்பவே இல்லை.